ஸ்டுடியோவில் மட்டும் அக்கா

ஏப்ரல் 12, 1954, திங்கள். திண்டுக்கல்.

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். எனக்கு அவமானமாக இருந்தாலும் மறைக்கமாட்டேன். தமிழ் டீச்சர் லீவில் தினம் ஒரு பக்கம் எழுதினால் போதும் என்றுதான் சொன்னார். ஆனால் நான் இருநூறு பக்க நோட்டு வாங்கியிருக்கிறேன். இந்த லீவில் என் அம்மா சினிமாவில் நடிக்கப்போகிறாள்.

என் பெயர் அம்சவேணி. மூன்றாம் பாரம் பரீட்சை எழுதியிருக்கிறேன். அம்மா பெயர் பத்மாசனி. 'நீலவேணி' நாடகத்தில் ஒன்பது வருஷமாக அவள்தான் ராணி. நாடகத்தில் மொத்தம் நாற்பத்திரண்டு பாட்டு. ராஜா கோள் பேச்சைக் கேட்டு ராணிக்கு விஷம் அனுப்புவார். அவள் குடித்துவிட்டுப் பாடிக்கொண்டே சாவாள். சின்ன இளவரசன் ஓடிவந்து அவள் மடியில் விழுவான். அந்தப் பாட்டு முடிந்ததும் ஜனங்கள் "ஒன்ஸ்மோர்" என்று கத்துவார்கள். செத்துப்போன அம்மா எழுந்து கும்பிட்டு, மறுபடியும் விஷம் குடித்து, மறுபடியும் பாடிச் சாவாள். பழநியில் ஒரு தடவை ஏழு முறை செத்தாள். நான் விரல்விட்டு எண்ணினேன்.

இப்போது அந்த நாடகத்தைப் படம் எடுக்கிறார்கள். ராஜா வேஷத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். நாடகத்திலிருந்து அம்மாவையும் ஆர்மோனியம் சிங்காரம் மாமாவையும் மட்டும்தான் மெட்ராசுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். 'முதலில் கொஞ்சம் எடுத்துப் பார்ப்போம், சரியாக வந்தால் படம் முழுக்க நீங்கள்தான்' என்று கடிதம் வந்திருக்கிறது. வாசித்துக் காட்டியது நான்தான்.

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா திடீரென்று சொன்னாள்:

"அங்க போனா என்னைய அம்மான்னு கூப்பிடப்படாது. அக்கான்னு கூப்பிடு."

"ஏன்?"

"சினிமாவுல அப்படித்தான்."

அப்பாவின் போட்டோவை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன். அம்மா அதை வெளியே எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள். அப்பா ராஜபார்ட் போட்டவர். எனக்கு மூன்று வயதில் டைபாய்டில் இறந்துபோனார்.

உண்மையே எழுதுவேன் என்று தொடங்கிய பக்கத்திலேயே இப்படி ஆகிவிட்டது. யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். வாயால் அக்கா என்று சொல்வேன். நோட்டில் அம்மா என்றே எழுதுவேன்.

ஏப்ரல் 13

ரயிலில் சிங்காரம் மாமா பரீட்சை வைத்தார். அம்மாவைக் காட்டி, "தாயி, இது யாரு?" என்பார். நான் "அக்கா" என்பேன். விழுப்புரத்தில் வடை வாங்கிக் கொடுத்து, நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சட்டென்று, "ஒங்க அம்மா எங்க?" என்றார். "அந்தா" என்று கையைக் காட்டிவிட்டேன்.

"பெயிலு" என்றார் மாமா. அம்மா சிரிக்கவில்லை.

ஏப்ரல் 16

ஸ்டுடியோவுக்குப் போனோம். வெளியே இருந்து பார்த்தால் நெல் கிடங்கு மாதிரி இருக்கிறது. உள்ளே அரண்மனை, ஆனால் முன்பக்கம் மட்டும். பின்னால் போனால் மூங்கிலும் ஆணியும். மேலே பலகைகளில் ஆட்கள் உட்கார்ந்து விளக்குகளைத் திருப்புகிறார்கள். ஒரு விளக்கைப் போட்டால் முகத்தில் அடுப்பு மூட்டியது போல இருக்கிறது.

டைரக்டர் பெயர் விசுவம். கண்ணாடி போட்டவர். சத்தம் போட்டுப் பேசுவதில்லை. முதலாளி வெள்ளை ஜிப்பா, கையில் எப்போதும் வெற்றிலை டப்பா. என்னைப் பார்த்து, "தங்கச்சியா? அக்கா சாயல் அப்படியே இருக்கே" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாயால் சொல்லாததால் அது பாதிப் பொய் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு இன்று ஒரே வசனம். தோழியிடம், "மன்னர் எப்போது வருவார்?" என்று கேட்கவேண்டும். அம்மா கேட்டாள். டைரக்டர், "இன்னொரு தடவை பார்ப்போம்மா" என்றார். அம்மா விளக்குகளைப் பார்த்துப் பெரிய கும்பிடு போட்டாள். இன்னும் உயர்த்திக் கேட்டாள். "இன்னொரு தடவை." மறுபடியும் கும்பிட்டாள். இப்படிப் பதினோரு தடவை!

வரும் வழியில் அம்மாவுக்குக் கால் தரையில் படவில்லை. "பழநியிலகூட ஏழுதான்டி. அதுவும் பாட்டுக்கு. இவுக வெறும் வசனத்துக்கே பதினொண்ணு கேக்குறாக."

சிங்காரம் மாமாவும், "ரசிகன்யா டைரக்டரு" என்றார். டைரக்டர் ஏன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருந்தார் என்றுதான் தெரியவில்லை. விளக்குச் சூடு காரணமாக இருக்கலாம்.

ஏப்ரல் 17

சேலைகள் துவைத்தேன். கம்பெனி எங்களுக்குப் பிடித்துக் கொடுத்த வீட்டில் குழாய்த் தண்ணீர் காலை ஆறு மணிக்கே நின்றுவிடுகிறது. வேறு விசேஷம் இல்லை.

ஏப்ரல் 20

இன்று பாட்டுப் பதிவு. சினிமாவில் பாட்டை முதலில் தனியாகப் பாடிப் பிடித்துவைத்துக்கொள்கிறார்கள். பிறகு அதை ஓடவிட்டு, அதற்குத் தகுந்தபடி வாயை அசைத்து நடிக்கவேண்டும். இது எனக்குப் புதிய விஷயம்.

அம்மா கடைசிப் பாட்டைப் பாடினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சவுண்டு என்ஜினீயர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்ற மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார். முதலாளி வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். டைரக்டர் "போதும்" என்றார். எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். அவ்வளவுதான்!

அம்மா வீட்டில் சாப்பிடவில்லை. "ஒருத்தர்கூட இன்னொரு தடவ கேக்கலையேண்ணே. தொண்டை கட்டியிருந்துச்சா?"

சிங்காரம் மாமா விளக்குப் போடும் ஆளிடம் விசாரித்துவிட்டு வந்திருக்கிறார். வாசலிலேயே நின்று செருப்பைக் கழற்றாமல் சொன்னார். இங்கே ஒரே தடவையில் போதும் என்றால் பிரமாதம் என்று அர்த்தமாம். இன்னொரு தடவை என்றால் சரியாக வரவில்லை என்று அர்த்தமாம்.

அம்மா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்ப அன்னைக்கிப் பதினொண்ணு?"

மாமா குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"கும்பிடு வேற போட்டேனே" என்றாள் அம்மா.

ஏப்ரல் 23

அம்மா செய்யும் தப்புகள் எவை என்று ஒரு பட்டியல் எழுதித் தரச் சொன்னாள். நான் ஓரத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்கிறேன். முக்கியமான தப்பு: ஒவ்வொரு வசனம் முடிந்ததும் அம்மா இடப்பக்கம் திரும்பிவிடுகிறாள். மேடையில் ஆர்மோனியம் அந்தப் பக்கம்தான் இருக்கும். மாமா சுருதி கொடுப்பதற்காக ஒன்பது வருஷமாகத் திரும்பித் திரும்பிப் பழகிவிட்டது.

டைரக்டர் இன்று ஓர் உபாயம் செய்தார். சிங்காரம் மாமாவைப் பெட்டியோடு கேமராவுக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தார். "நீங்க வாசிக்க வேண்டாம் பிள்ளைவாள். சும்மா கையை மட்டும் வைங்க." மாமா துருத்தியை அசைக்காமல் கட்டைகளில் மட்டும் விரலை ஓட்டினார். அம்மா மாமாவைப் பார்த்துப் பேசினாள். கேமராவுக்குச் சரியாக வந்ததாம். நான்கே தடவை.

"முப்பது வருசத்துல இப்பத்தான் ஊமையா வாசிக்கிறேன்" என்றார் மாமா.

ஏப்ரல் 28

எனக்கு ஒரு தோழி கிடைத்திருக்கிறாள். பெயர் ரேணுகா, பத்தொன்பது வயது, பெங்களூர். படத்தில் ராணியின் தோழி. அவளுக்கு மொத்தம் நான்கே வசனம். ஆனாலும் தினமும் வருகிறாள். அம்மாவின் பாட்டுத் தட்டை அவளுக்கென்று தனி அறையில் போட்டுக் கொடுக்கிறார்கள். கண்ணாடி முன்னால் நின்று, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கிறாள். அம்மாவின் பாட்டு அவளுக்கு அவ்வளவு பிடிக்கும் போலிருக்கிறது.

"உங்க அக்கா எந்த இடத்துல மூச்சு வாங்கறாங்கன்னே தெரியலே" என்றாள்.

அவளும் அம்மாவை அக்கா என்றே கூப்பிடுகிறாள். "நீயும் நானும் ஒரே அக்காவுக்குத் தங்கச்சி" என்று சொல்லி எனக்குப் பாதி மிட்டாய் கொடுத்தாள். வாங்கும்போது கூச்சமாக இருந்தது.

மே 3

நோட்டீசு அச்சாகி வந்துவிட்டது. 'புதுமுகம் குமாரி பத்மாசனி' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அம்மா ஒன்றை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

மேக்கப் அறையில் தலைசீவும் அம்மாள் என்னைக் கேட்டாள்: "ஏம்மா, உங்க அக்காளுக்கும் உனக்கும் எத்தனை வயசு வித்தியாசம்?" இருபத்திரண்டு என்பதுதான் உண்மை. நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

தண்ணீர்ப் பானை முதலாளி அறை ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது. ஒட்டுக்கேட்கப் போகவில்லை. காதில் விழுந்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதலாளி: "குரல் தேன். ஆனா முகம்? கிட்டத்துல வந்தா வயசு தெரியுதேய்யா. அந்தப் பொண்ணு தயாரா இருக்கில்ல?"

டைரக்டர்: "பத்தாம் தேதி அந்தச் சாவுக் காட்சியை எடுத்துடறேன். பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. இந்தம்மா பாதிக் கிணறு தாண்டிட்டாங்க."

முதலாளி: "பத்தாம் தேதி வரைக்கும்தான்."

எந்தப் பொண்ணு, எதற்குத் தயார் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அம்மாவிடம் அப்படியே ஒப்பித்தேன். அவள் உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டே, "தெரியும்" என்றாள்.

மே 5

அம்மா நாள் முழுவதும் கைக்கண்ணாடி முன்னால் செத்துக்கொண்டிருக்கிறாள். ரசம் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

மே 10

இரண்டு தடவை எழுதி அடித்துவிட்டேன். ஆனாலும் முழுவதையும் எழுதவேண்டும். முதல் பக்கத்தில் கொடுத்த வாக்கு இதற்காகத்தான்.

காலையில் பாட்டுப் பகுதியை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு கடைசி மடக்கு விஷத்தைக் குடித்துவிட்டுச் சொல்லும் கடைசி வசனம் மட்டும் பாக்கி. இதை அங்கேயே பேசிப் பதிவு செய்யவேண்டும். தலைக்கு மேல் நீண்ட கழியில் மைக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். இளவரசனாக நடிப்பது பேபி சந்திரா என்ற ஏழு வயதுப் பெண். தலைப்பாகை வைத்தால் பையன் போலவே இருப்பாள். கட்டிலில் சாய்ந்திருந்த என் அம்மாவின் மடியில் அவள் படுத்துக்கொண்டாள். விஷம் என்பது பானகம்.

நாடகத்தில் அந்த வசனத்தை அம்மா கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்கும் கேட்கும்படி சொல்வாள்: "கண்ணே! நீ விளையாடப் போ! அம்மா சற்றே தூங்குகிறேன்!" ஜனங்கள் உச்சுக்கொட்டுவார்கள்.

டைரக்டர் அம்மாவின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். "இங்க கொட்டகை இல்லம்மா. ஊர் ஜனம் இல்ல. மடியில கிடக்கிற குழந்தைக்கு மட்டும் கேட்டாப் போதும். உங்க வீட்டுல தூங்கவைக்கிற மாதிரி சொல்லுங்க."

"வீட்டுல" என்று அம்மா திரும்பச் சொன்னாள். பிறகு ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள்.

விளக்குகள் போட்டார்கள். அம்மாவின் கையை மட்டும் கிட்டத்தில் எடுக்க இன்னொரு கேமராவும் வைத்திருந்தார்கள். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். ரேணுகா தூணுக்குப் பின்னால் நின்று கட்டைவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். சிங்காரம் மாமா ஊமைக் கட்டைகளில் விரலை வைத்தார்.

அம்மா பானகத்தைக் குடித்தாள். மாமா பக்கம் திரும்பவில்லை. யார் பக்கமும் திரும்பவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் கைவைத்துப் பேசுவாளே, அந்தக் குரலில் சொன்னாள். "கண்ணே, நீ வெளையாடப் போ. அம்மா சித்த தூங்குறேன்." எழுதிக் கொடுத்த வசனம் மாறிவிட்டது. கண்ணை மூடவில்லை. ஆனால் கண்ணில் இருந்தது போய்விட்டது. பேபி சந்திராவின் முதுகில் இருந்த கை மெதுவாக வழுக்கி, கட்டிலுக்கு வெளியே விழுந்து, ஒரு முறை ஆடி நின்றது.

அம்மா சாவதை நான் இருநூறு தடவைக்குமேல் பார்த்திருக்கிறேன். பாதிநாள் அந்த நேரத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பேன். எனக்கே தெரியாமல் எழுந்துவிட்டேன்.

"அம்மா!"

அது என் சத்தம்தான் என்று முதலில் தெரியவில்லை. இரண்டாவது முறையும் கத்தியதாகச் சொல்கிறார்கள்.

அம்மா அசையவில்லை. டைரக்டர் "கட்" என்று சொல்லும்வரை அசையவில்லை. பிறகுதான் எழுந்தாள்.

முதலாளி எழுந்து வந்தார். கோபமாக இல்லை, விசாரிப்பதுபோலத்தான் கேட்டார்.

"பாப்பா என்னமோ சொல்லிச்சே."

சிங்காரம் மாமா முந்திக்கொண்டார். "தாயில்லாப் பிள்ளைங்க. அக்காக்காரிதான் தூக்கி வளத்தா. அதான் சமயத்துல வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுரும்."

எவ்வளவு நல்ல பதில்! எனக்குக்கூடத் தோன்றியிருக்காது. முதலாளியின் முகம் தெளிந்துவிட்டது. அவரும் அதைத்தான் விரும்பினார் என்று நினைக்கிறேன். "அதானே பார்த்தேன். அப்படித்தானேம்மா? நோட்டீசு எல்லாம் ஊர் ஊராப் போயாச்சு. சும்மா, நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதும். காட்சி ரொம்ப நல்லா வந்திருக்கு. இந்த முகம்தான். வேற பேச்சே இல்லை."

அம்மா உதட்டில் ஒட்டியிருந்த பானகத்தைப் புறங்கையால் துடைத்தாள். ஆமாம் என்று ஒரு சொல். ரயிலில் என்னைப் பழக்கியது இதற்குத்தானே?

"இல்லைங்க" என்றாள். "இது என் மக. பதிமூணு வயசு. எனக்கு முப்பத்தஞ்சு."

முதலாளி வெற்றிலை டப்பாவைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்தார். உள்ளே ஒன்றும் எடுக்கவில்லை.

மே 11

ரேணுகாதான் இனி நீலவேணி. பாட்டு மட்டும் அம்மா பாடியதே இருக்கும். முதலாளி கெட்ட வார்த்தை ஒன்றும் பேசவில்லை. பதிமூன்று வயதுப் பெண்ணுக்குத் தாய் என்று தெரிந்தபின் 'குமாரி' என்று எப்படிப் போடுவது, படம் பார்க்க யார் வருவார்கள் என்றார். அம்மா ராணியாக நடித்ததைப் பார்க்க ஒன்பது வருஷமாகக் கூட்டம் வந்ததே என்று எனக்குக் கேட்கவேண்டும்போல் இருந்தது. கேட்கவில்லை.

எல்லாம் என்னால்தான். மத்தியானம் வரை அழுதேன். பிறகு அம்மாவிடமே கேட்டேன்: "மாமா சொன்னதுக்கு ஆமான்னு சொல்லியிருக்கலாம்ல? நீதானே என்னைப் பொய் சொல்லச் சொன்ன?"

அம்மா என் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் தேய்த்தாள்.

"நீ கத்துனது கேட்டுச்சுடி எனக்கு. பிள்ளை பயந்து கத்துதுன்னு தெரியுது. எந்திரிச்சிருக்கணும்ல? கேமரா ஓடுதேன்னு படுத்தே கெடந்தேன். அவுக கட்டுன்னு சொல்ற வரைக்கும் படுத்தே கெடந்தேன்."

இதற்கும் நான் கேட்டதற்கும் என்ன சம்பந்தம் என்று விளங்கவில்லை. செத்தவர்கள் நடுவில் எழுந்திருக்கக் கூடாது என்பதுதானே இங்கே சட்டம்? அதற்காக அம்மா ஏன் அழவேண்டும்? மறுபடி கேட்கலாம் என்று திரும்பினேன். "தலைய ஆட்டாத" என்றாள்.

மே 14

ரேணுகா வீடு தேடி வந்தாள். கையில் பழமும் பூவும். வாசலிலேயே நின்றுகொண்டு, "அக்கா, நான் கேட்டு வாங்கல" என்று சொல்லி அழுதாள். அம்மா அவளை உள்ளே இழுத்து உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள்.

"மூணாவது அடியில நீ வாயை மூடிர்ற. நான் அங்க மூச்சு எடுக்கவே இல்ல. இங்க பாரு" என்று பாடிக் காட்டினாள். சாயங்காலம்வரை சொல்லிக்கொடுத்தாள். என்னுடைய பட்டியலையும் ரேணுகாவிடம் கொடுத்துவிட்டாள். 'இடப்பக்கம் திரும்பக் கூடாது' என்பதை ரேணுகா அடித்துவிட்டாள். அவளுக்கு அந்தப் பழக்கம் இல்லையே.

போகும்போது ரேணுகா என்னைக் கேட்டாள்: "இனிமே நீ அவங்கள எப்படிக் கூப்பிடுவே?"

"அம்மான்னு."

"எனக்கும் இனி அக்கான்னு கூப்பிட வாய் வராது போலிருக்கு" என்றாள்.

ஆகஸ்ட் 21, சனி. சென்னை.

நோட்டை மூன்று மாதமாகத் தொடவில்லை. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. தமிழ் டீச்சரிடம் நான் காட்டியது ஏப்ரல் 17 மட்டும்தான்.

படம் முடிந்துவிட்டது. வெளிவருவதற்குமுன் ஸ்டுடியோவில் உள்ள சின்னக் கொட்டகையில் போட்டுக் காட்டுகிறார்கள் என்று டைரக்டர் எங்கள் மூவருக்கும் கடிதம் போட்டிருந்தார். அம்மா வரமாட்டாள் என்று நினைத்தேன். பச்சைப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள்.

மொத்தமே இருபது பேர். முதலாளி முன்வரிசையில். நாங்கள் கடைசியில். பின்னணி பாடியவர்கள் என்று நான்கு பெயர் போட்டதில் அம்மாவின் பெயர் மூன்றாவது. நான் வாசித்து முடிப்பதற்குள் மறைந்துவிட்டது. நாற்பத்திரண்டு பாட்டில் பதினான்குதான் மிச்சம்.

ரேணுகா அழகாக இருந்தாள். அவள் வாயைத் திறந்தால் அம்மா வந்தாள். முதல் பாட்டில் எனக்கு யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் திரையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தேன். அம்மா பக்கத்து நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்; அவள் குரல் எதிரே பாடுகிறது. பிறகு பார்ப்பதை விட்டுவிட்டேன்.

கடைசிப் பாட்டு வந்தது. ரேணுகா பானகம் குடித்தாள். எழுதிக் கொடுத்த வசனத்தைச் சொல்லவில்லை. அம்மா மாற்றிச் சொன்னதையே சொன்னாள். "அம்மா சித்த தூங்குறேன்." பிறகு கையை மட்டும் கிட்டத்தில் காட்டினார்கள். அது வழுக்கி, கட்டிலுக்கு வெளியே விழுந்து, ஒரு முறை ஆடி நின்றது.

அந்தக் கையில் மணிக்கட்டுக்கு மேல் எண்ணெய் தெறித்த தழும்பு இருந்தது. அதே தழும்புள்ள கை எனக்குப் பக்கத்தில் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

உடனே பேபி சந்திராவின் முகம் வந்தது. தலைப்பாகை சரிய வாயைத் திறந்தாள்.

"அம்மா!"

அது பேபி சந்திராவின் சத்தம் இல்லை. "அம்மா!" என்று இன்னொரு முறை கேட்டது. இரண்டு முறைதான் கத்தினேன் என்று அவர்கள் சொன்னது சரிதான்.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். முன்வரிசையில் முதலாளி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். "அந்தக் கடைசிக் கத்தல் இருக்கே, விசுவம்! கொட்டகையே அழுதுடும். பேபியா கத்திச்சு? கெட்டிக்காரக் குழந்தை."

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டிக்கொண்டு கடைசி வரிசையைப் பார்த்தார். சவுண்டு என்ஜினீயரும் திரும்பிப் பார்த்தார். உண்மையைச் சொல்லவேண்டும் என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எதை முதலில் சொல்வது? அது என் சத்தம் என்றா, அந்தக் கை அம்மாவுடையது என்றா? அதைச் சொன்னால் வெட்டி எடுத்துவிடுவார்களோ?

அம்மா என் கையைப் பிடித்தாள். பிறகு, என்னையோ டைரக்டரையோ பார்க்காமல், வெள்ளையாக இருந்த திரையைப் பார்த்துக்கொண்டே, ஒன்பது வருஷமாகத் தன்னைப் பார்த்து மற்றவர்கள் கத்தியதைச் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"ஒன்ஸ்மோர்."

சிங்காரம் மாமாவுக்குக் கேட்டுவிட்டது. எழுந்து நின்று கொட்டகை அதிரக் கத்தினார்: "ஒன்ஸ்மோர்!"

முதலாளி திடுக்கிட்டுத் திரும்பினார். யாரோ சிரித்தார்கள். டைரக்டர் சிரிக்கவில்லை. தலையைத் தூக்கி, பின்சுவரில் இருந்த சின்னச் சதுர ஓட்டையைப் பார்த்துச் சொன்னார்: "ஆபரேட்டர், அந்தக் கடைசி ரீலை இன்னொரு தடவை போடுப்பா."

உள்ளே ரீலைச் சுற்றும் சத்தம் கேட்டது. அம்மா என் கையை விடவில்லை. விளக்குகளை அணைத்தார்கள்.